விழுந்த அன்றைக்கு எத்தனை மணி நேரம் கார் ஓட்டினீர்கள்?

அமெரிக்காவில், கொலராடோவின் டென்வர் பக்கத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மே தொடங்கி அக்டோபர் வரைக்கும் என்னிடம் வருகிறவர்களில் மவுண்டன் பைக்கில் விழுந்தவர்கள் ஒரு தனிக் கூட்டம். (நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். நான் சொல்வது மிதிக்கிற சைக்கிள், கொழுத்த டயரும் ஷாக் அப்சார்பரும் வைத்தது.) தோள், காறை எலும்பு, மணிக்கட்டு, முழங்கால் என்று வருவார்கள். எங்கே விழுந்தீர்கள், எந்தக் கையை ஊன்றினீர்கள் என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்பேன்: விழுந்த அன்றைக்குக் காரில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்?

உள்ளூர்க்காரர்கள் ‘அரை மணி’ என்பார்கள். ரோட் டிரிப் வந்தவர்கள் கொஞ்சம் யோசித்து, ‘ஏழு, எட்டு இருக்கும்’ என்று சொல்லிவிட்டு, இதை ஏன் கேட்கிறான் என்று பார்ப்பார்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், அவருக்கும் இதில் சம்மதம்தான். நாற்பதை நெருங்கும் மென்பொருள்காரர். வேலை மாறி சார்லட்டிலிருந்து டென்வருக்குக் குடிவந்தார். மனைவியும் மகளும் விமானத்தில் வந்துவிட, இவர் சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு, வேலையில் சேர இருந்த பத்து நாளையும் ஒரு நீண்ட பயணமாக்கிவிட்டார். வட கரோலினாவில் பிஸ்கா காடு, ஆர்கன்சாவில் பெண்டன்வில், கொலராடோவில் ஃப்ரூட்டா, யூட்டாவில் மோவாப், அங்கிருந்து திரும்பி டென்வர். எல்லாம் மவுண்டன் பைக்குக்குப் பெயர்போன இடங்கள், எல்லோரும் போடுகிற பட்டியல்தான்.

எக்ஸெல் ஷீட்டைப் போனில் காட்டினார். டிரெயிலின் (சைக்கிள் ஓட்டும் மண்பாதையின்) பெயர், எத்தனை மைல், பச்சையா நீலமா கறுப்பா (பச்சை எளிது, கறுப்பு கடினம்), எந்த விடுதி, பக்கத்தில் தோசை எங்கே கிடைக்கும் என்பது வரைக்கும் கட்டம் போட்டிருந்தார். அன்றைக்கு எவ்வளவு நேரம் கார் ஓட்டினார் என்பதற்குக் கட்டம் இல்லை. ஊர் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதற்கும் இல்லை.

காலையில் கான்சாஸின் ஹேஸ் நகரத்திலிருந்து கிளம்பி, டென்வரில்கூட நிற்காமல் 590 மைல் ஓட்டி மாலை ஐந்து மணிக்கு ஃப்ரூட்டா சேர்ந்திருக்கிறார். வழியில் நேர மண்டலம் மாறியதால் ஒரு மணி நேரம் ‘லாபம்’. அந்த லாபத்தைச் செலவழிக்க நேராக ‘18 ரோடு’ என்ற இடத்து டிரெயில்களுக்குப் போய், அங்கே விழுந்திருக்கிறார். ‘பெரிய இறக்கம்கூட இல்ல சார். முழங்கால் உயரக் கல்லு. பெண்டன்வில்ல இதவிடப் பெரிசெல்லாம் தாண்டினேன்.’

தாண்டியிருப்பார், நம்புகிறேன். பெண்டன்வில்லில் முந்தின இரவு தூங்கி எழுந்து, காலையில் ஓட்டினார். ஃப்ரூட்டாவில் ஓட்டியது ஒன்பது மணி நேரம் மடங்கிக் கிடந்த உடம்பு.

மவுண்டன் பைக்கில் இறங்கும்போது சீட்டில் உட்காரக் கூடாது. பெடலில் நின்று, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மடக்கி, முழங்கையை விரித்துத் தளர்வாக வைத்திருக்க வேண்டும். எடையைக் கால் தாங்கினால்தான் கை லேசாக இருக்கும். நாள் முழுவதும் காரில் இருந்தவருக்கு இடுப்பின் முன்பக்கத் தசை இறுகிப்போயிருக்கும். பிட்டத்துத் தசை உடனே விழிக்காது. வளைந்தே இருந்த முதுகின் லிகமென்ட்கள் கொஞ்சம் நெகிழ்ந்து, அவற்றைக் காக்கும் தசைகளும் தாமதமாகத்தான் பதில் சொல்லும். நின்றுதான் ஓட்டுகிறோம் என்று அவர் நினைப்பார். இடுப்பு மடங்க வேண்டிய அளவு மடங்காது. எடை முழுக்கக் கைக்குப் போகும். முன் சக்கரம் கல்லில் முட்டியதும் உடம்பு ஹேண்டில்பாருக்கு மேலே போகும், கை முன்னால் நீளும். இதற்கு மேல் ஒரு சமாச்சாரம் உண்டு: வழியில் கழிப்பறைக்கு நிறுத்த வேண்டாம் என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் இந்தக் கட்சி.

அதனால் என் கணக்கு எளிது. நான்கு மணி நேரம் வரை கார் ஓட்டினால், அன்றைக்கு மாலை தெரிந்த பச்சை டிரெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டலாம். ஆறுக்கு மேல் போனால் சைக்கிளை இறக்கி, பிரேக்கையும் நட்டுகளையும் பார்த்துவிட்டு, ஊரைச் சுற்றி நடந்துவிட்டுப் படுத்துவிட வேண்டும். டிரெயில் காலையிலும் அங்கேதான் இருக்கும். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, என்னிடம் வந்தவர்களைப் பார்த்து நான் போட்ட கோடு. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போடத் தோன்றினால் போடுங்கள், கோடே இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நான்கு மணி நேரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. விமானத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காருக்கும் பஸ்ஸுக்கும் அதே கதை. ஆரோக்கியமானவர்களுக்கு மொத்த ஆபத்து குறைவுதான். சைக்கிள்காரர்களிடம் உள்ள சிக்கல், கெண்டைக்கால் வலித்தால் ‘நேத்து ஏறின ஏத்தம்’ என்று தைலம் தேய்த்துக்கொள்வது. இரண்டு காலும் வலித்தால் ஏற்றம் காரணமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தேய்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். மூச்சும் திணறினால் உடனே 911.

சரி, நிறுத்தங்களை எப்படி அடுக்குவது? கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது கேட்கவே வேடிக்கையாக இருக்கும்: கான்சாஸில் நிறுத்துங்கள். ஐ-70 நெடுஞ்சாலை கான்சாஸுக்குள் மட்டும் 424 மைல் ஓடுகிறது. எல்லோரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கத்தான் பார்க்கிறார்கள். நெடுஞ்சாலையிலிருந்து சில மைல் வடக்கே வில்சன் ஏரிக்கரையில் ஸ்விட்ச்கிராஸ் என்று ஒரு டிரெயில் இருக்கிறது. 20 மைலுக்கு மேல் புல்வெளியும் பாறைக்கரையுமாக வளைந்து போகும். சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் தன் ‘எபிக்’ பட்டியலில் சேர்த்திருக்கும் டிரெயில் அது. பெண்டன்வில்லிலிருந்து சுமார் ஆறு மணி நேரம், அங்கிருந்து டென்வருக்கும் கிட்டத்தட்ட அதே தூரம். ராட்சச ஓட்டம் இரண்டாக உடைகிறது. நடுவில் ஒரு நாள் காலையில் உடம்பு நிமிர்கிறது.

அடுத்தது உயரம். பெண்டன்வில் சுமார் 400 மீட்டர், டென்வர் 1,609. கொலராடோ மலைமேல் இருக்கும் லெட்வில் ஏறக்குறைய 3,100, பிரெக்கன்ரிட்ஜ் 2,900-ஐத் தாண்டும். தாழ்ந்த ஊரிலிருந்து வருகிறவர் முதல் இரவையே 2,750 மீட்டருக்கு மேல் கழிக்க வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் போனவுடன் வராது, ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் காட்டும். வந்த மாலை நன்றாக இருக்கிறோம் என்று மறுநாள் பெரிய ஏற்றம் வைத்துக்கொண்டவர்கள் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது அதனால்தான். டென்வரில் ஓர் இரவு தூங்குங்கள். டென்வருக்கு மேற்கே ஐ-70-ல் வரும் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 3,400 மீட்டரில் இருந்தாலும் காரில் கடந்து போவதோடு சரி. அந்தப் பக்கம் இறங்கினால் ஃப்ரூட்டா 1,370 மீட்டர்தான். உயரத்தில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் அதைப் பயணத்தின் பின்பாதிக்குத் தள்ளுங்கள்.

உயரம் டயரையும் விடாது. இதைச் சொன்னால் அனுபவசாலிகள்கூடப் புருவம் தூக்குவார்கள். பெண்டன்வில்லில் 24 பிஎஸ்ஐ பார்த்துப் பார்த்து அடைத்த டயர், வால்வைத் தொடாமலே லெட்வில்லில் 28-ஐ நெருங்கிக் காட்டும். உள்ளே காற்று கூடவில்லை, வெளியே குறைந்துவிட்டது. தளர்ந்த சரளையில் அந்த நான்கு பிஎஸ்ஐ போதும், டயர் பிடிக்காமல் துள்ளுவதற்கு. அதனால் டிரெயில் தொடங்கும் இடத்தில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். கையோடு, காரின் புகைக்குழாய்க்கு நேர் எதிரே சைக்கிள் சக்கரம் தொங்குகிறதா என்றும் குனிந்து பாருங்கள். நெடுந்தூர ஓட்டத்தில் அந்தச் சூடு டயரையும் கார்பன் ரிம்மையும் கெடுத்துவிடும்.

மோவாப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயருக்காகவே பாதிப் பயணங்கள் தொடங்குகின்றன. ஸ்லிக்ராக் டிரெயில் 1969-ல் மோட்டார் சைக்கிளுக்காகப் போடப்பட்டது. பிறகு மவுண்டன் பைக்காரர்களின் புனிதத் தலமாகிவிட்டது. பள்ளி விடுமுறை என்று ஜூலையில் வருகிறோம். ஜூலையில் அங்கே வெயில் 38 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மேலே குடிதண்ணீர் கிடையாது, நிழலும் கிடையாது. பாலைவனத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீர், அதாவது நான்கு லிட்டர்வரை, என்கிறது தேசியப் பூங்காத் துறை. மெட்ராஸ் வெயிலைப் பார்த்தவனுக்கு இதென்ன என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சென்னையில் வியர்வை சட்டையில் நிற்கும். இங்கே வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துவிடும், எவ்வளவு இழந்தோம் என்பதே தெரியாது. கோடை விடுமுறைதான் கிடைக்கும் என்றால் மோவாபை விட்டுவிட்டு மலைப்பக்கம் போங்கள். மலையிலும் ஜூலை, ஆகஸ்டில் மத்தியானம் இடி மின்னல் கட்டிக்கொண்டு வரும்; பன்னிரண்டு மணிக்குள் மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். மோவாபுக்கு ஏப்ரலும் அக்டோபரும் இருக்கின்றன.

இன்னொரு ஏமாற்றத்தையும் தவிர்த்துவிடலாம். ஊருக்குப் பக்கத்திலேயே ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே சாலையில் சைக்கிள் விடலாம், நடைபாதைகளில் கூடாது. 1964-ன் சட்டப்படி ‘வில்டர்னஸ்’ என்று அறிவித்த காடுகளுக்குள்ளும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

விழுந்த பிறகு என்ன செய்வது என்பதையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். நம் சார்லட் நண்பருக்கு மணிக்கட்டு வீங்கியது. வழியில் இருந்த ஒரு சிகிச்சை மையத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு தெரியவில்லை. சுளுக்கு என்று தானே முடிவு செய்து, பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு மோவாபிலும் ஒரு நாள் ஓட்டினார். மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தபோது, கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் விழும் குழியை மெல்ல அழுத்தினேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அங்கே ஸ்கேஃபாய்டு என்று முந்திரிப்பருப்பு வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தப்பிப்போவது புதிதல்ல. ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால் கவனிக்காமல் விட்டால் சேராமலே போகலாம். அந்தக் குழியில் வலி இருந்தால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் கட்டைவிரலோடு சேர்த்து அசையாமல் கட்டிவைத்து, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அல்லது எம்ஆர்ஐ. இவருக்கு எம்ஆர்ஐயில் தெரிந்தது. கை அறுவை மருத்துவர் பத்து வாரம் கட்டுப் போட்டார். புது ஆபீசில் முதல் மாதங்கள் முழுக்க ஒற்றைக் கையால் கீபோர்டு தட்டினார்.

தலையில் அடிபட்டால் கணக்கு இன்னும் கடுமை. மயங்காவிட்டாலும், தலைவலி, குழப்பம், வெளிச்சம் பிடிக்காமை இருந்தால் அன்றைக்குச் சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. அடுத்த ஊர் 300 மைல், ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்றால்? தனியாகப் போகிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு போன் நம்பரைப் பதிலாக வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். யூட்டாவில் கிரீன் ரிவர் தாண்டி ஐ-70-ல் மேற்கே போனால் 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க்கூட வராது. மோவாப் மலைமேல் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தைய ஐபோன்களிலும் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கலாம். அந்த வசதிக்கு ஒரு ஒத்திகைப் பக்கமும் உண்டு, வீட்டு வாசலில் நின்று ஒரு தடவை செய்து பாருங்கள்.

அவர் போன மாதம் வந்தார், கடைசி சிகிச்சைக்கு. பிடிமானம் வலக்கைக்கு ஈடாக வந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் பெண்டன்வில்லுக்குத் திரும்பப் போகிறாராம், இந்தத் தடவை குடும்பத்தோடு. ஷீட்டைக் காட்டினார். புதிதாக இரண்டு கட்டம்: ‘உயரம்’, ‘உட்கார்ந்த மணி’. வில்சன் ஏரிக்கு இரண்டு இரவு போட்டிருந்தார். ‘கான்சாஸ்ல ரெண்டு ராத்திரியா? யார் சொன்னா?’ என்று மனைவி கேட்டாராம். என் பெயரைச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.