கந்தாய ரசீதுக்குத் தண்ணீர் வராது

வாய்க்கால் தண்ணீர் வரவில்லை என்று இந்த மாதத்தில் என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். பத்திரம், பட்டா, கந்தாய (நிலவரி) ரசீது எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன.

"ஏனுங்க வக்கீலுங்க, கந்தாயம் பாக்கியில்லாம கட்டியிருக்கறனுங்க. பூமிய ஒட்டியே கீழ்பவானி வாய்க்கா போகுதுங்க. எனக்கு மட்டும் ஏனுங்க தண்ணி உடமாட்டீங்கறாங்க?"

வரைபடத்தைப் பார்த்தேன். பூமி வாய்க்காலுக்கு மேட்டுப்பக்கம் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் அந்த வாய்க்காலில் பாசனம் பள்ளப்பக்கத்துக்குத்தான். ஆயக்கட்டு, அதாவது வாய்க்காலில் பாசன உரிமை உள்ள நிலம், 2,07,000 ஏக்கர். கரையை ஒட்டியிருப்பதால் மட்டும் எந்தப் பூமியும் அதில் சேர்ந்துவிடாது.

அவர் விடவில்லை. கலிபோர்னியாவில் இருக்கும் மகன், "வரி கட்டுனா தண்ணி குடுத்தாகணும்" என்றானாம். சரி, அந்த ஊர்க் கதையையே பார்ப்போம். அங்கே 1887-இல் வந்த ரைட் சட்டப்படி, ஒரு பகுதி மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு பாசன மாவட்டத்தை அமைக்க முடிந்தது. அது கடன் பத்திரம் விற்று வாய்க்கால் வெட்டியது; எல்லைக்குள் இருந்த நிலங்களின் மதிப்புக்கு ஏற்ப வரி போட்டுக் கடனை அடைத்தது. ஊருக்குள் இருந்த மனைக்கும் வரி விழுந்தது. கட்டாவிட்டால் நிலமே ஏலத்துக்குப் போனது. இதை எதிர்த்து ஒரு நில உரிமையாளர் வழக்குப் போட, 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அங்கே வரிப்பணம் அந்தப் பாசன மாவட்டத்தின் கணக்கிலேயே விழுந்தது.

நம் ஊரில் அப்படியில்லை. நீங்கள் கட்டும் கந்தாயம் வருவாய்த்துறை வழியாக அரசு கஜானாவுக்குப் போகிறது. வாய்க்கால் தூர்வார வரும் பணம் அரசு ஒதுக்கும் நிதி. உங்கள் ரசீதுக்கும் உங்கள் மடைக்கும் நடுவில் கயிறு எதுவும் கட்டியிருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விவசாயிகளின் பாசன சபைகள் வந்தன, தேர்தலும் நடக்கிறது. ஆனால் கந்தாயம் வாங்குவது சபை அல்ல.

இன்னொரு கூத்தும் உண்டு. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு நீரை அனுமதியில்லாமல் எடுத்துப் பாய்ச்சினாலும் தண்ணீர்த் தீர்வை போடலாம். ராத்திரியில் மோட்டார் வைத்து உறிஞ்சி, அதற்காகப் போட்ட தீர்வையைக் கட்டிய ரசீதையே 'உரிமைக்கு ஆதாரம்' என்று ஒருவர் என் மேசையில் வைத்தார். சிரிப்பதா அழுவதா?

பூமி வாங்கப் போகிறவர்களே, தயவுசெய்து முன்பணம் கொடுக்கும் முன்னால் பாசனப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். உங்கள் சர்வே எண் ஆயக்கட்டுப் பட்டியலில் இருக்கிறதா, எந்த மதகு என்று எழுத்தில் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய பசலிகளின் (வருவாய் ஆண்டுகளின்) அடங்கலை, அதாவது பயிர்க் கணக்கை, வாங்கி, என்ன பயிர், எந்த நீர் என்று பாருங்கள். புரோக்கர் சொல்வதைக் கேட்காதீர்கள். பத்திரம் பதிகிறவர்களும் உங்கள் தண்ணீரைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

பட்டியலில் இருந்தாலும் எப்போது யாருக்குத் தண்ணீர் என்ற முறையைக் கேட்காமல் வராதீர்கள். கீழ்பவானியில் பாதி ஆயக்கட்டுக்கு நஞ்சைப் போகம் என்றால் மறுபாதிக்குப் புஞ்சைப் போகம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வாங்குகிறீர்களா? பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்கள். உங்களுடையது எது, அடுத்த தண்ணீர் எப்போது என்று தெரிந்துகொண்டு, அப்புறம் தென்னங்கன்றுக்கு விலை பேசுங்கள்.