பீட்ரூட் சிவப்பா இருக்குங்கறதுக்காக ரத்தம் ஊறாது கண்ணுங்களா

செமஸ்டர் லீவு விட்டா போதும், எங்க ஓபில ஒரு கூட்டம் வந்துடும். எல்லாம் காலேஜ் பொண்ணுங்க, கூட அம்மா. முடி கொட்டுது, மாடி ஏறினா மூச்சு வாங்குது, கிளாஸ்ல உக்காந்தா தூக்கமா வருது. டாக்டர் பிளட் டெஸ்ட் எழுதிக் குடுத்து ரிசல்ட்டோட என் டேபிளுக்கு அனுப்பிடுவார். கோயம்புத்தூர் மாதிரி தெருவுக்குத் தெரு காலேஜ் இருக்கற ஊர்ல டயட்டீஷியனா இருந்தா இது பழகிடும்னு நினைச்சேன், பழகல, கோவம் தான் வருது.

போன வாரம் வந்த பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 7.4. பொண்ணுங்களுக்கு 12க்கு கீழ போனாலே ரத்தசோகை, 8க்கு கீழன்னா கடுமையான ரத்தசோகை. என்ன கண்ணு சாப்பிடுறேன்னு கேட்டா "ஹெல்தியா தான் மேடம் சாப்பிடுறேன், டெய்லி ஏபிசி ஜூஸ்"ங்குது. காலைல அது மட்டும் தான், டிபன் கிடையாது. பதினொரு மணிக்கு கேன்டீன் டீ. மதியம் மெஸ்ல கொஞ்சம் சோறு, ரசம், பருப்பு கேஸ்னு அதைத் தள்ளி வெச்சாச்சு. ராத்திரி ஒரு கப் வெட்டின பழம். மைதா இல்ல, சர்க்கரை இல்ல, முட்டையையும் கறியையும் கூட விட்டாச்சு, எல்லாம் நேச்சுரல். அம்மா வேற பக்கத்துல இருந்து "ஜங்க் ஃபுட்டே தொட மாட்டாங்க மேடம்"னு பெருமையா சொல்றாங்க.

சரி, அந்த ஜூஸையே எடுத்துக்குவோம். ஆப்பிள், பீட்ரூட், கேரட் ஒவ்வொண்ணும் 100 கிராம் போட்டு அடிச்சாலும் மொத்த இரும்புச்சத்து ரெண்டு மில்லிகிராம் தேறாது. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்குப்படி வயசுப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேணும், பையனுக்கு 19. மாதுளையும் அப்படித்தான், 100 கிராம்ல அரை மில்லிகிராம் கூட வராது, ஆனா யாரு ஆஸ்பத்திரில படுத்திருந்தாலும் ஒரு கிலோ மாதுளை வாங்கிட்டு தான் பாக்க வருவாங்க. சிவப்பா இருக்கறது எல்லாம் ரத்தமாகும்னு யார் சொல்லி வெச்சாங்கன்னு தெரியல. பீட்ரூட்டோட சிவப்புக்கும் ரத்தத்தோட சிவப்புக்கும் சம்பந்தமே இல்ல. ரத்தம் சிவப்பா இருக்கறதுக்கு ஹீமோகுளோபின்ல இருக்கற இரும்பு காரணம், பீட்ரூட் சிவப்பா இருக்கறது பீட்டாலெயின்னு ஒரு சாயத்தால, அந்த சாயம் சில பேருக்கு அப்படியே யூரின்ல போயிடும். அதைப் பாத்து பயந்து ஓடி வந்த பசங்களும் உண்டு, ரத்தம் ஜாஸ்தியாயிடுச்சு போலன்னு சந்தோஷப்பட்ட ஒரு அம்மாவும் உண்டு. அப்ப வரமிளகாயும் சிவப்பு தானே, அரைச்சுக் குடிச்சா ரத்தம் ஊறுமா? பீட்ரூட் நல்ல காய் தான், நான் வேண்டாம்னு சொல்லல, பொரியலா செஞ்சு சோத்தோட சாப்பிடுங்க. சோத்துக்கு பதிலா குடிக்காதீங்கன்னு தான் சொல்றேன். பேரீச்சம்பழ சிரப்பும் இதே கதை தான், பாட்டில் பின்னாடி சர்க்கரை எவ்வளவுன்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, நேச்சுரல்னா ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு நம்பிக்கை. கசக்குற சுரைக்காயை ஜூஸ் போட்டுக் குடிச்சு நம்ம நாட்டுல ஆள் செத்திருக்காங்க. கேரளாவுல கொலஸ்ட்ரால் குறையும்னு இரும்பன் புளிங்கற புளிப்புக் காயை ஜூஸா குடிச்சு கிட்னி போனவங்களைப் பத்தி டாக்டர்ங்க எழுதியே இருக்காங்க. சுரைக்காய் வெட்டினதும் ஒரு துண்டு நாக்குல வெச்சுப் பாருங்க, கசந்தா முழுசா தூக்கிப் போடுங்க, அவ்வளவு தான்.

இப்ப, என்ன தான் சாப்பிடறது? ரூம் எடுத்துத் தங்கியிருக்கற பசங்களுக்கு நான் முதல்ல சொல்றது அரிசிம்பருப்பு சாதம். கொங்கு வீட்டுப் பசங்களுக்கு சொல்லவே வேண்டாம், மத்தவங்களுக்காக சொல்றேன். மூணு லிட்டர் குக்கர் ஒண்ணு இருந்தா போதும். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, ரெண்டையும் கழுவி ஊற வெச்சுட்டு குளிக்கப் போங்க. வந்து எண்ணெய் ஊத்தி கடுகு, சீரகம், வரமிளகாய், தட்டின பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், தக்காளி, மஞ்சள்தூள் போட்டு வதக்கி, ரெண்டு கை முருங்கைக்கீரை உருவிப் போட்டு, நாலு டம்ளர் தண்ணி, உப்பு, மூணு விசில். சின்ன வெங்காயம் உரிக்க சோம்பேறித்தனமா இருந்தா பெரிய வெங்காயம் போடுங்க, எங்க பாட்டி திட்டுவாங்க, நான் திட்ட மாட்டேன். சாப்பிடும்போது மேல அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோங்க. அதை மட்டும் விட்டுடாதீங்க, ஏன்னா பருப்புல கீரைல இருக்கற இரும்பை உடம்பு லேசுல எடுத்துக்காது, கூட வைட்டமின் சி இருந்தா தான் கொஞ்சமாவது உள்ள போகும். எலுமிச்சை இல்லன்னா ஒரு நெல்லிக்காய், இல்ல கொய்யா.

கம்பு கிடைச்சா விடாதீங்க, 100 கிராம்ல ஆறு மில்லிகிராமுக்கு மேல இரும்பு இருக்கு. ராத்திரி கம்மஞ்சோறு ஆக்கி, ஆறினதும் தண்ணி ஊத்தி வெச்சு, காலைல கொஞ்சம் மோர் விட்டுக் கரைச்சு பச்சை வெங்காயம் கடிச்சுக்கிட்டுக் குடிச்சுட்டுப் போனா பத்து மணி கிளாஸ்ல தூக்கம் வராது. வீட்டுல பழைய இரும்பு தோசைக்கல்லு கிடந்தா அம்மாகிட்ட கேட்டு எடுத்துட்டு வாங்க, நான்ஸ்டிக்கை வீட்டுலயே விட்டுட்டு வாங்க. அசைவம் சாப்பிடறவங்க வாரத்துக்கு ஒரு தடவை ஈரலோ சுவரொட்டியோ (ஆட்டு மண்ணீரல்) சாப்பிட்டா அது எந்த ஜூஸையும் தூக்கி சாப்பிட்டுடும். முட்டைல பெருசா இரும்பு இல்ல, ஆனா ஒரு முட்டைல ஆறு கிராம் புரோட்டீன் இருக்கு, வைட்டமின் பி12 இருக்கு, ஒரு பஃப்ஸ் வாங்குற காசுக்கு ரெண்டு முட்டை வரும். பால், தயிர், முட்டை, கறி எல்லாத்தையும் மொத்தமா விட்டவங்க பி12ஐ டெஸ்ட் பண்ணிக்கோங்க, அது செடில விளையறதில்ல.

ஹாஸ்டல்ல குக்கர் விட மாட்டாங்கன்னு தெரியும். மெஸ்ல சுண்டல் போட்டா ரெண்டு கரண்டி கேட்டு வாங்குங்க, பருப்பைத் தள்ளாதீங்க, டப்பால வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, எள்ளுருண்டை வெச்சுக்கோங்க. முக்கியமா டிபனோட டீ குடிக்காதீங்க, சாப்பாட்டுல இருக்கற இரும்பை உடம்பு எடுத்துக்க விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் டீயும் வேண்டாம் காபியும் வேண்டாம். டீயை விடச் சொல்லல, தள்ளி வைக்கத்தான் சொல்றேன், இதுக்கே நிறைய பேர் என்னை முறைக்கறாங்க.

ஒரு விஷயம், ஹீமோகுளோபின் 7, 8னு இறங்கினதுக்கு அப்புறம் "மாத்திரை வேண்டாம் மேடம், சாப்பாட்டுலயே ஏத்திக்கறேன்"னு சொல்லாதீங்க. சாப்பாட்டை நம்பி வேலை பாக்கற நானே சொல்றேன், அந்த நேரத்துல சாப்பாடு மட்டும் பத்தாது. டாக்டர் குடுக்கற இரும்பு மாத்திரையைப் போடுங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரில இலவசமாவே கிடைக்கும். டீயோட, பாலோட போடாதீங்க. மோஷன் கருப்பா போகும், பயப்படாதீங்க. நம்பர் ஏறினதும் நீங்களா நிறுத்தவும் வேண்டாம், உடம்புல சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாசம் ஆகும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல நம்ம தமிழ்நாட்டுல 15லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, உங்க ரூம்ல நாலு பேர் இருந்தா ரெண்டு பேருக்கு இருக்கலாம்னு வெச்சுக்கோங்க.

அம்மாமாருங்களே, பொண்ணுக்கு பீரியட்ஸ் எத்தனை நாள் போகுது, எவ்வளவு போகுதுன்னு டாக்டர் கேட்டா "எல்லாம் நார்மல்"னு நீங்க முந்திக்காதீங்க, அவளை சொல்ல விடுங்க. கண்ணுங்களா, உங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுக்கறேன். யாருக்கும் தெரியாம பச்சரிசியை வாயில போட்டு மெல்றது, விபூதி, சாக்பீஸ், சிலேட்டு குச்சி திங்கறது, ஐஸ்கட்டியைக் கடிச்சுக்கிட்டே இருக்கறது, இதெல்லாம் இருந்தா அது கெட்ட பழக்கம் இல்ல, பெரும்பாலும் இரும்பு கம்மியா இருக்கறதோட அறிகுறி, இரும்பு ஏறினா பொதுவா தானா நின்னுடும். அம்மா முன்னாடி சொல்ல வெக்கமா இருந்தா அவங்களைக் கொஞ்சம் வெளிய உக்காரச் சொல்லுங்க, நாங்களே கூட சொல்லிடறோம், ஆனா எங்ககிட்ட மறைக்காதீங்க.