சோதனை வயல் என்றால் யாரைக் கேட்பது?

போன ஆடி மாதம் மீஞ்சூர் பக்கத்து விவசாயி ஒருவர் திருவொற்றியூரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். எண்ணூரில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான் பேசியதைக் கேட்டவராம். கையில் ஒரு ஒப்பந்தப் பத்திரம். விதைக் கம்பெனி ஒன்று அவருடைய ஒரு ஏக்கரில் ஒரு பருவத்துக்குக் கத்தரி போடச் சொல்கிறது. பணம் வழக்கமான குத்தகையைப் போல இரண்டு மடங்கு. ஆனால் விளைந்ததில் ஒரு காய்கூட வீட்டுக்குப் போகக் கூடாது, சுற்றி வேறு கத்தரி இருக்கக் கூடாது, வெளியாளை உள்ளே விடக் கூடாது.

"சார், இது அந்த ஜீன் மாத்துன கத்திரியா? அப்புறம் என் நெலம் இன்னா ஆவும்?"

என் தொழில் சுற்றுச்சூழல் ஆய்வு. இருபது வருஷமாக மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று சுற்றி, புகைபோக்கிப் புகையையும் ஆற்றுச் சேற்றையும் கிணற்றுத் தண்ணீரையும் அளந்துகொண்டிருக்கிறேன். பயிர் எனக்குத் தெரியாத துறை. ஆனால் சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்பு எப்படி நகரும், எந்தப் பக்கத்தில் எதை மழுப்புவார்கள் என்பது தெரியும். "ஒரு வாரம் கொடுங்கண்ணே" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஆலை வருவதென்றால் சடங்கு எல்லோருக்கும் பழக்கம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்பே பேப்பரில் விளம்பரம் வர வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ உட்கார, ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் வைத்து, வீடியோ எடுத்து, மீனவர் சங்கத்திலிருந்து கூலித் தொழிலாளி வரை பேசுவார்கள். பேசி என்ன மாறியது என்று அலுத்துக்கொள்கிறோம். அலுத்துக்கொள்ளவாவது ஒரு மண்டபம் இருக்கிறது. மரபணு மாற்றுப் பயிரை விற்பனைக்கு விடும் முன் வளர்த்துப் பார்க்கும் சோதனை வயலுக்கு அதுவும் கிடையாது.

அதற்கான சட்டம் வேறு. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் வந்த விதிகள். முதலில் அந்த நிறுவனத்துக்குள்ளேயே ஓர் உயிரிப் பாதுகாப்புக் குழு, அடுத்து உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆய்வுக் குழு, அதற்கு மேல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு, அதாவது ஜி.இ.ஏ.சி. 2011இலிருந்து மாநில அரசின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வேளாண்மை மாநிலப் பொருள் என்பதால் இதைப் பிடித்துப் பல மாநிலங்கள் சோதனைகளை நிறுத்தியிருக்கின்றன. முதல் கட்டச் சோதனை ஓரிடத்தில் ஒரு ஏக்கருக்கு மிகக் கூடாது, ஒரு பருவத்தில் எல்லா இடமும் சேர்த்து 20 ஏக்கர். இரண்டாம் கட்டத்தில் ஓரிடத்துக்கு இரண்டரை ஏக்கர்.

இந்தச் சோதனைகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நேராக "சாப்பிட்டால் கேன்சர் வருமா" என்ற கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். சோதனை வயலின் கேள்வி அது இல்லை. எண்ணூர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அது கசிவைப் பற்றிய கேள்வி. மகரந்தம் காற்றிலும் தேனீயிலும் எவ்வளவு தூரம் போகும்? பக்கத்தில் அதே இனத்துக் காட்டுச்செடி இருக்கிறதா? கத்தரிக்கு நம் நாட்டில் உறவுக்காரச் செடிகள் நிறைய. அறுவடை முடிந்து மிஞ்சிய விதையை எண்ணி, எடை போட்டு, எரித்து, எழுதி வைத்தார்களா? விதைத்த எந்திரத்தையும் சாக்கையும் வயலுக்குள்ளேயே சுத்தம் செய்தார்களா? அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும் செடியைப் பிடுங்க யார் வருவார், எத்தனை மாதம் வருவார்? 2007இல் உச்ச நீதிமன்றம் சோதனை வயலைச் சுற்றி 200 மீட்டர் இடைவெளி விடச் சொன்னது. கலப்பு 0.01 சதவீதம் இருந்தாலும் கண்டுபிடிக்கும் சோதனை முறையும் கையில் இருக்க வேண்டும் என்றது.

காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழம்பு ஓடும் குழாய் ஒழுகும் என்று எந்த அறிக்கையில் எழுதியிருந்தது? கொசஸ்தலை ஆற்றில் இறங்கிப் பார்த்தால்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களை அண்ணனுக்குச் சொன்னேன். களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய ஒரு நெல் ரகத்தை, பின்னர் ஜெர்மனியின் பாயர் குழுமத்துக்குக் கைமாறிய ஒரு நிறுவனம் 1998 முதல் 2001 வரை சோதனை வயலில் வளர்த்துப் பார்த்துவிட்டு, விற்பனைக்கு விடாமல் மூட்டை கட்டியது. 2006இல் அதே மரபணு கடை அரிசியில் இருந்தது. ஐரோப்பாவும் ஜப்பானும் கதவைச் சாத்தின. அமெரிக்க நெல் விவசாயிகளுக்கு 2011இல் 75 கோடி டாலர் வரை தர பாயர் ஒப்புக்கொண்டது. எந்த வழியாகக் கசிந்தது என்று அந்த நாட்டு அரசாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று கோல்ஃப் மைதானத்துக்கான மரபணு மாற்றுப் புல். ஆரிகனில் சுமார் 400 ஏக்கரில் வளர்த்தார்கள். அதன் மகரந்தம் 21 கிலோமீட்டர் தள்ளி இருந்த செடியில் சேர்ந்திருப்பதை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வாளர்களே 2004இல் வெளியிட்டார்கள். திருவொற்றியூரிலிருந்து 21 கிலோமீட்டர் என்றால் வடக்கே பொன்னேரியை நெருங்கிவிடலாம்.

நம் ஊருக்கு வருவோம். புழுவை எதிர்க்க ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் ஜி.இ.ஏ.சி. பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் உடனே கையெழுத்துப் போடவில்லை. ஏழு நகரங்களில் உட்கார்ந்து மக்கள் பேசியதைக் கேட்டார், 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். சென்னை அந்த ஏழில் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகமே நான்கு நாட்டு ரகங்களில் பி.டி. கத்தரி உருவாக்கியிருந்தும் தமிழில் கேட்க ஒரு கூட்டம் போடவில்லையே என்று எனக்கு இன்னமும் ஆதங்கம் உண்டு. அந்தக் கேட்பும் அமைச்சர் மனம் வைத்து நடத்தியதுதான், விதிகளில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நிறுத்திவைத்த கத்தரி 2019இல் ஹரியானாவின் ஃபத்தேஹாபாத்தில் ஒரு வயலில் காய்த்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் சமூக ஆர்வலர்கள். அதிகாரிகள் பிறகுதான் வந்து பயிரை அழித்தார்கள்.

மரபணு மாற்றுக் கடுகு விஷயத்தில் 2016இல் பாதுகாப்பு மதிப்பீட்டின் தொகுப்பை இணையத்தில் ஏற்றி, 30 நாளுக்குள் கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். முழு ஆவணத்தைப் பார்க்க டெல்லிக்குப் போக வேண்டும். எண்ணூர்க் கோப்பைப் பார்க்க நாங்கள் டெல்லி போனதில்லை. 2022 அக்டோபரில் அந்தக் கடுகுக்கு அனுமதி வந்தது. அந்த அனுமதி செல்லுமா என்ற வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து தேசியக் கொள்கை ஒன்று வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். மரபணுத் திருத்தம் செய்த, அதாவது செடியின் சொந்த மரபணுவையே மாற்றியெழுதிய பயிர்களில் வெளி மரபணு எதுவும் மிஞ்சாத சில வகைகளுக்கு 2022இலிருந்து ஜி.இ.ஏ.சி. பக்கம் போகவே தேவையில்லை. அது தனிக் கதை.

மரபணு மாற்றமே கூடாது என்று கொடி பிடிப்பவனில்லை நான். நாட்டில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் வழி வந்ததுதான். பக்கத்து வயல்காரனுக்குத் தெரியாமல் சோதனை நடக்கலாம் என்ற ஏற்பாடுதான் உறுத்துகிறது.

அண்ணனுடைய பத்திரத்துக்கு வருகிறேன். சோதனை வயல் என்றால் அனுமதிக் கடிதத்தின் எண், மாநிலச் சான்று, நிலம் எங்கே இருக்கிறது என்ற வரைபடம், அறுவடைக்குப் பின் நிலத்தைக் கண்காணிக்கும் காலம் எல்லாம் இருக்க வேண்டும். எதுவும் இல்லை. ஜி.இ.ஏ.சி. கூட்டக் குறிப்புகள் அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும், ஆங்கிலத்தில்தான். தேடினேன். கத்தரிக்கு நம் மாவட்டத்தில் எதுவும் இல்லை. வட்டார வேளாண் அலுவலகத்தில் விசாரித்ததில் விஷயம் தெளிந்தது. அது சாதாரண ஹைப்ரிட் விதை உற்பத்தி. ஆண் பயிர், பெண் பயிர் என்று தனித்தனியே நட்டு, கையால் மகரந்தம் சேர்ப்பார்கள். பெற்றோர் ரகம் வெளியே போகக் கூடாது, வேறு கத்தரி கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை கெடுபிடி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அவர் பயந்ததில் தப்பில்லை.

நாளை உங்களிடம் இப்படி ஒரு பத்திரம் வந்தால் எழுத்தில் கேட்க ஓர் இடம் இருக்கிறது. 1989 விதிகளில் கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு ஒன்று உண்டு. அதில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆளும் வேளாண் அதிகாரியும் மட்டுமல்ல, தொழிற்சாலை ஆய்வாளரும் உறுப்பினர். மணலியில் கொதிகலன் பக்கத்தில் பார்த்த மனிதரைக் கத்தரித் தோட்டத்திலும் பார்க்கலாம்! அந்தக் குழு உங்கள் மாவட்டத்தில் கடைசியாக என்று கூடியது, பக்கத்தில் சோதனை வயல் ஏதும் அனுமதி பெற்றிருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம்.

அண்ணனுக்கு ஒரே ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன்: "இந்த விதை மரபணு மாற்றம் செய்யப்பட்டதல்ல, மாறாக இருந்தால் முழுப் பொறுப்பும் நிறுவனத்துடையது." கம்பெனி ஏஜெண்ட் அதை எழுத இரண்டு வாரம் இழுத்தடித்தார். பிறகு பேனாவால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதன் ஜெராக்ஸ் ஒன்று என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.