பிளாக்: அடைப்பா, தடையா?

செங்கோட்டையில் 'பிளாக்கு' என்றால் முதலில் ஆரியங்காவு ரோடுதான் நினைவுக்கு வரும். மலைப்பாதையில் லாரிகள் வரிசைகட்டி நின்றால், மலையாளத்தில் சொல்வதுபோலவே நாங்களும் சொல்வோம். 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர். இரண்டு பேச்சும் இங்கே கலந்துதான் கிடக்கும்.

அத்தையின் ஈசிஜி தாளில் 'லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்று அச்சாகியிருந்தது. "ஏல, ரத்தக்குழாய் அடைச்சிட்டாம்லா? ஸ்டென்ட் வைக்கணுமோ?" என்று கேட்டவள், அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. ஒரே சொல் இரண்டு நோய்க்குப் பெயராக இருப்பதால் வந்த பயம் அது.

பழைய டச்சு மொழியில் 'பிளோக்' என்றால் மரக்கட்டை. வழியில் கட்டையைப் போட்டால் வழி மறிக்கும். தடை என்ற பொருள் இப்படி வந்ததுதான். இதயத்தில் மறிபடக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய். அதில் கொழுப்பு படிந்தால் அதுவும் 'பிளாக்'. இன்னொன்று, துடிப்பைக் கடத்தும் மின்பாதை. அதிலுள்ள 'ஹிஸ் கற்றை' என்ற தசைநார்க் கட்டை ('பண்டில்' என்றால் கற்றை) 1893-இல் விவரித்தவர் மருத்துவர் வில்ஹெல்ம் ஹிஸ். அது வலக்கிளை, இடக்கிளை எனப் பிரிகிறது. அத்தைக்குத் தடை இடக்கிளையில்.

இந்தக் கற்றை, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலிலுள்ள பெருந்தமனி வால்வுக்குச் சற்றுக் கீழே, ஒட்டினாற்போல ஓடுகிறது. முதுமையில் வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகும்போது அந்தப் படிவு கற்றைவரை இறங்கலாம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் அத்தையின் வால்வும் சுருங்கியிருந்தது. ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி. கீழறைகள் சுருங்குவதைக் காட்டும் கூர்முனை மூன்று கட்டத்துக்குள் முடிய வேண்டும். அத்தைக்கு நான்கு கட்டம் அகன்று கிடந்தது. மின்துடிப்பு வலப்பக்கம் போய், தசை வழியே சுற்றி, இடப்பக்கத்தைத் தாமதமாகத் தொட்டிருக்கிறது.

ஆனால் வால்வு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை இந்த அகலம் சொல்லாது. அதைச் சொல்வது எக்கோதான்: திறப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். அந்த நிலையிலும் ஈசிஜியில் தடையே இல்லாதவர்கள் உண்டு. வால்வே நன்றாயிருந்து, குழாய் அடைப்பாலோ தசை நோயாலோ கிளைத்தடை வருபவர்களும் உண்டு. வால்வில் கிருமித்தொற்று உள்ளவர்களின் கதை வேறு. மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பு வந்துசேரும் நேரம் புதிதாக நீண்டால், சீழ் கற்றையை எட்டிவிட்டதோ என்று உடனே பார்க்க வேண்டும்.

தமிழில் என்ன சொல்லலாம்? குழாய்க்கு 'அடைப்பு' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. மின்பாதைக்கு 'மின்தடை' என்றால் வீட்டில் கரண்டு போனதாக ஆகிவிடும். 'கடத்தல் தடை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அத்தைக்கு வந்தது 'இடக்கிளைக் கடத்தல் தடை'. 'வால்வு' சைக்கிள் டியூபிலேயே பழகிய சொல், இருக்கட்டும். லத்தீனில் 'வால்வா' என்பது மடக்குக் கதவின் ஒரு பலகை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா செயற்கை வால்வும் சாய்ந்து திறக்கும் வட்டக் கதவுதான்.

மறுநாள் காலையில் அத்தையிடம், "குழாய் அடைப்புன்னு இதுல எழுதல அத்தை. கரண்டு போற பாதையில ஒரு கிளையிலதான் தடை. குழாயைத் தனியாத்தான் பாக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தக் கதவு எம்புட்டுத் தொறக்குன்னு டாக்டர்ட்ட கேளு" என்றாள்.