‘மெய்நிகர் சமூக ஒழுக்க நெறிமுறைகள்’: யாருக்குப் புரிய?

‘மெய்நிகர் சமூகங்களில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்க நெறிமுறைகள்’ என்ற தலைப்பு கொடைக்கானல் மலையில் இப்போது என்னைத் துரத்திக்கொண்டு வருகிறது. மகளிர் குழுப் பயிற்சியில் இந்தத் தலைப்போடு தாள் கொடுத்தார்கள். பண்ணைக்காட்டில் ஒரு சுவரில் ஒட்டியிருந்தது. அண்மையில் மேல்மலையில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் ஒருவர் அதை ஒலிபெருக்கியில் மூச்சுவிடாமல் வாசித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூம்பாறைப் பெரியவர் என் பக்கம் சாய்ந்து, “தம்பி, மெய்நிகர் என்றால் செலவு போகக் கையில் நிற்பதுதானே?” என்று கேட்டார். அவர் மேல் குறை சொல்ல முடியாது. வாழ்நாளெல்லாம் பூண்டு போட்டு, வடுகபட்டிக்கு மூட்டை ஏற்றி, கூலியும் வாடகையும் கமிஷனும் கழித்துக் கணக்குப் பார்த்தவர். நிகர லாபம், நிகர எடை என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘நிகர்’ வேறு எப்படி விழும்?

சொல்ல வந்த செய்தி என்னவோ எளியதுதான். வாட்ஸ்அப் குழு, முகநூல், கைப்பேசி விளையாட்டு என்று முகம் பார்க்காமல் பலரோடு புழங்கும் இடங்களில் மற்றவரை மதித்துப் பேசு, உன்னையும் காத்துக்கொள். இதன் முதல் பாதிக்கு ஆங்கிலத்தில் ‘நெட்டிகெட்’ என்று பெயர். ‘நெட்’டையும் ‘எட்டிகெட்’டையும் ஒட்டவைத்த சொல். 1980களிலேயே புழங்கியது. 1995 அக்டோபரில், இணையத் தொழில்நுட்ப வல்லுநர்கள் வெளியிடும் ‘ஆர்எஃப்சி’ குறிப்புகளின் வரிசையில் 1855 என்ற எண்ணுள்ள ஆங்கில ஆவணம் இந்தப் பெயரிலேயே வழிகாட்டுதல்களைத் தொகுத்து வெளியிட்டது. எட்டிகெட் பிரெஞ்சிலிருந்து வந்தது. பொருளின் மேல் ஒட்டும் சீட்டு என்பது அதன் பழைய பொருள். அரசவையில் நிற்கும் முறை, வணங்கும் முறை எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. அதே வேரிலிருந்து கிளைத்த இன்னொரு சொல்லை வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறியதும் காசு கொடுத்து வாங்குகிறோம்: டிக்கெட். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். என் சண்டை தமிழில் நடப்பதைப் பற்றியது.

முதலில் ‘மெய்நிகர்’. ஆங்கில ‘வர்ச்சுவல்’ லத்தீனிலிருந்து வந்தது. ஆற்றல், திறன் என்று பொருள்படும் சொல் அதன் மூலம். பெயரளவில் இல்லாவிட்டாலும் விளைவளவில் இருப்பது என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. நம் பள்ளி அறிவியல் பாடத்தில் கண்ணாடிக்குள் தெரிவதை ‘மாய பிம்பம்’ என்று படித்தோம். அங்கேயும் மூலச்சொல் இதே வர்ச்சுவல்தான். அதற்கு எதிரானது மெய் பிம்பம். ஆக, இயற்பியல் ஆசிரியர் மெய்க்கு எதிர் என்று சொல்லிக்கொடுத்ததைக் கணினி மொழிபெயர்ப்பாளர் மெய்க்கு நிகர் என்கிறார். இரண்டையும் ஒரே பிள்ளை படிக்க வேண்டியிருக்கிறது.

கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு கொடைக்கானல் ஏரியில் படகு விடுவது போன்ற காட்சியைப் பார்க்கிறோமே, அதற்கு மெய்நிகர் என்ற சொல் அழகாகப் பொருந்துகிறது. ஏரி அங்கே இல்லை. இருப்பதற்கு நிகராகத் தெரிகிறது. அந்த இடத்தில் இந்தச் சொல்லை ஆக்கியவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் மேல்மலைப் பூண்டு விலைக் குழு எதற்கு நிகர்? பூம்பாறைக்காரரும் மன்னவனூர்க்காரரும் கூக்கால்காரரும் அதில் இருக்கிறார்கள். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு. அங்கே ஒருவரைத் திட்டினால் அடுத்த கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். அவமானம் மெய், பகை மெய், வங்கிக் கணக்கிலிருந்து போன பணமும் மெய். இதை ‘மெய்க்கு நிகரானது’ என்று சொன்னால், மெய்யானது அல்ல என்று பாதி சொல்லிவிட்டதாகத்தான் பொருள். இணையத்தில் வாய்க்கு வந்தபடி பேசுபவனும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்: “சும்மா போனில்தானே சொன்னேன்.” அவனுக்குப் புத்தி சொல்ல வந்த தாள் தலைப்பிலேயே அவன் கட்சிக்குப் போய்விட்டது.

அடுத்தது ‘ஒழுக்கம்’. நல்ல சொல், திருக்குறளில் தனி அதிகாரமே உள்ள சொல். ஆனாலும் இன்றைய வழக்கில் அது யாரை நோக்கி நீள்கிறது என்று பார்க்க வேண்டும். ‘ஒழுக்கமாக இரு’ என்பது பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது. ‘ஒழுக்கம் கெட்டவள்’ என்ற வசையின் பாரம் ‘ஒழுக்கம் கெட்டவன்’ என்பதில் கிடையாது. ஒரு பெண்ணின் படத்தை யாரோ வெட்டி ஒட்டிக் குழுவில் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பில் ஒழுக்கம் என்ற சொல் இருக்கும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஊர் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கே போகும்? “அவள் ஏன் படம் போட்டாள்?” என்ற கேள்விக்குத்தான் போகும். படத்தைத் திருடியவன் செய்தது குற்றம். ஒருவரின் அந்தரங்கத்தை ஒப்புதலின்றிப் படமெடுப்பதையும் பரப்புவதையும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. குற்றத்தைக் குற்றம் என்று எழுதத் தமிழில் சொல் இருக்கும்போது அதை ஒழுக்கக் கேட்டில் சேர்ப்பது சொல்லாக்கப் பிழையோடு நிற்கவில்லை.

மூன்றாவது ‘நெறிமுறை’. இதில் குழப்பம் வேறு வகை. கணினித் தமிழில் ‘புரோட்டகால்’ என்பதற்கு நெறிமுறை என்று எழுதி எழுதி நிலைபெற்றுவிட்டது. இணைய நெறிமுறை என்றால் ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தரவை அனுப்பும் முறை. அதே சொல்லை மனிதர்கள் குழுவில் பேசும் முறைக்கும் வைத்தால், பாடம் படிக்கும் மாணவர் எந்த நெறிமுறை என்று தலையைச் சொறிய வேண்டும். எவ்வளவோ சொல் இருக்க இதையே பிடித்துத் தொங்குவதற்குக் காரணம், ‘நெறிமுறைகள்’ என்று பன்மையில் எழுதினால் அரசு ஆணை போல ஒரு கனம் வருகிறது. அவ்வளவுதான். ‘வழிமுறை’, ‘செயல்முறை’, ‘நடைமுறை’, ‘நெறிமுறை’ நான்கையும் எந்த வேறுபாடும் இல்லாமல் மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு உண்டு.

சரி, என்ன சொல்வது? ‘இணைய நாகரிகம்’. புதிதாக ஆக்கத் தேவையில்லை. ‘சபை நாகரிகம்’ என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. “சபை நாகரிகம் கருதி அதை இங்கே சொல்லவில்லை” என்று மேடையில் பேசுபவர் சொன்னால் பட்டிவீரன்பட்டியிலும் புரிகிறது, பழனியிலும் புரிகிறது. பலர் கூடியிருக்கும் இடத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற அறிவு அதில் முழுக்க அடங்கியிருக்கிறது. சபை இணையத்தில் கூடினால் இணைய நாகரிகம்.

நாகரிகம் வடசொல் என்று ஒரு தரப்பு எழுந்து நிற்கும். நகரத்தோடு தொடர்புடைய ‘நாகரிக’ என்ற வடசொல்லைக் காட்டுவார்கள். ‘நகர்’ தமிழே என்று மறு தரப்பு வழக்காடும். அந்த வழக்கு முடியும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. நற்றிணையின் 355ஆம் பாட்டில் ‘நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்’ என்று வருகிறது. திருக்குறளில் ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்’ என்று 580ஆம் குறள். அந்தக் குறள் இருக்கும் அதிகாரம் கண்ணோட்டம். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் நாகரிகத்துக்குக் கண்ணோட்டம் என்றே பொருள் கொள்கிறார். எதிரில் இருப்பவரின் முகம் வாடிவிடக் கூடாதே என்று பார்க்கும் குணம். பார்க்க முகமே இல்லாத இடத்தில் எதிராளியை நினைத்துப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நெருங்கிய சொல்லை யார் காட்டினாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

‘நாகரிகம் என்றால் இன்று உடை, முடி, மோஸ்தர் என்றல்லவா பொருள்?’ என்றும் கேட்பார்கள். அந்தப் பொருளும் உண்டு. ஆனால் ‘அநாகரிகமாகப் பேசினான்’ என்று கேட்கும் யாரும் அவன் பழைய சட்டை போட்டிருந்தான் என்று நினைப்பதில்லை.

‘இணையப் பண்பாடு’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பண்பாடு என்றதும் கும்மி, பொங்கல், முளைப்பாரி என்று மனம் போய்விடும். ‘ஆசாரம்’ என்ற சொல் பழைய நூல் பெயரிலேயே இருந்தாலும் இன்று தீண்டாமையின் வாடை அடிக்கிறது. ‘கட்டுப்பாடு’ என்றாலோ ஊர்க்கட்டுப்பாடு நினைவுக்கு வரும். ஊரைவிட்டு ஒதுக்கிவைத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

இங்கே என் சொல்லுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. குறளே அதைக் காட்டிவிடுகிறது. பழகியவர் கண்முன்னே நஞ்சைப் பெய்து கொடுத்தாலும் மறுக்காமல் உண்பது நயத்தக்க நாகரிகம். குழுவில் சித்தப்பா மகன் அனுப்பினான் என்பதற்காக ஒரு இணைப்பைத் தட்டி ஓடிபி எண்ணையும் சொல்லிவிடுவதும் அதே குணம்தான். மலை ஊர்களில் மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முகத்தை முறித்துக்கொள்ளக் கூடாதே என்று தயங்கும் ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். எனவே பாதுகாப்பு விதிகளை நாகரிகத்தின் கீழ் அடுக்கக் கூடாது. அவற்றுக்கு ‘தற்காப்பு’ என்று தனித் தலைப்பு வேண்டும். இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். கடவுச்சொல்லைச் சொல்லாதே, தெரியாத இணைப்பைத் திறக்காதே, பிள்ளையின் பள்ளிச் சீருடைப் படத்தை ஊருக்கெல்லாம் காட்டாதே, பணம் போனால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழை. இதில் எதற்கும் கண்ணோட்டம் தேவையில்லை; நஞ்சைக் கண்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

வதந்தியை எந்தத் தலைப்பில் வைப்பது என்பதுதான் உண்மையிலேயே சிக்கல். ஒவ்வொரு மழைக்கும் ஏதோ ஒரு மாநிலத்து மண்சரிவுக் காணொலி ‘நம் மலைப்பாதை’ என்ற குறிப்போடு குழுவுக்கு வந்துவிடுகிறது. எங்கோ காட்டுமாடு முட்டிய காட்சி, நாயுடுபுரத்தில் நடந்ததாக வருகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்துபவர் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. வதந்தியை அனுப்பாமலிருப்பது நாகரிகமா, தற்காப்பா? இரண்டிலும் எழுதிவைப்பதில் தவறில்லை.

பெயர் பிசகினால் உள்ளே இருப்பதும் பிசகும் என்பதற்கு அந்தத் தாளின் நான்காம் விதியே சாட்சி: ‘முழுவதும் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டாம், அது கத்துவதற்குச் சமம்.’ முன்பு சொன்ன ஆர்எஃப்சி 1855 என்ற ஆங்கில ஆவணத்தில் இது இருக்கிறது, அங்கே பொருளும் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து ஏது? கூட்டம் முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் கைப்பேசியை நீட்டி, கண் தெரியவில்லை என்று எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோமே, அது தப்பா என்று கேட்டார்கள். மொழிபெயர்த்தவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தமிழில் கத்துவது எப்படி என்பது தெரிந்திருக்கும். தமிழில் கத்த வேண்டுமென்றால் ‘நீங்கள்’ என்பதை ‘நீ’ ஆக்கினால் போதும். ‘அவர் சொன்னார்’ என்பதை ‘அவன் சொன்னான்’ ஆக்கினால் போதும். ‘என்னை ஒருமையில் பேசிவிட்டான்’ என்று தொடங்கி எத்தனை குழுக்கள் உடைந்திருக்கின்றன! பூண்டு விலைக் குழுவிலேயே ஒரு வியாபாரியை ஒரு இளைஞர் ‘வாய்யா’ என்று எழுதியதற்குக் கீழ்மலைக்காரர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. ஆகவே அந்த விதி மூலத்தில் இல்லை. ஆகவே தமிழ்த் தாளிலும் இல்லை. தமிழர்களுக்கென்று அச்சடித்த தாளில் தமிழரின் முதல் விதி விடுபட்டுப்போனது இப்படித்தான்.

அதே ஆங்கில ஆவணத்தில் நமக்குப் பயன்படும் பகுதிகள் உண்டு. புதிதாகச் சேரும் குழுவில் ஒன்றிரண்டு மாதம் படித்துப் பார்த்துவிட்டுப் பேசு என்கிறது. திருக்குறளின் ‘அவை அறிதல்’ அதிகாரத்தைப் படித்தவருக்கு இது புதிதல்ல. கோபத்தில் எழுதிய பதிலை ஒரு இரவு வைத்திருந்து பிறகு அனுப்பு என்கிறது. இவை இரண்டையும் தாளில் காணோம். பெரிய எழுத்து மட்டும் தப்பாமல் வந்துவிட்டது.

சொல்லாக்கமே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ‘மட்டுறுத்துநர்’ என்ற சொல்லைப் பாருங்கள். குழுவில் அத்துமீறும் பேச்சை மட்டுக்குள் நிறுத்துபவர். வேலை என்ன என்பது பெயரிலேயே தெரிகிறது. இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்புக்குக் ‘கட்செவி அஞ்சல்’ என்கிறார்கள். கட்செவி என்றால் பழந்தமிழில் பாம்பு. தூய தமிழ் வேண்டும் என்று கிளம்பி, செய்தியைப் பாம்பிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். வாட்ஸ்அப் ஒரு நிறுவனத்தின் பெயர், பெயரை விட்டுவிடலாம். சொல்லைத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

தாளை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். தலைப்பில் ‘இணைய நாகரிகமும் தற்காப்பும்’ என்று போட்டுவிட்டு, நான்காம் விதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘யாரையும் ஒருமையில் எழுதாதீர்கள்’ என்று சேர்த்தால் பக்க அளவுகூட மாறாது.