வள்ளுவர் இன்சுலினை நிறுத்தச் சொல்லவில்லை

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதே சிறுமிக்கு வாந்தி. இருபது கொண்டை ஊசி வளைவு, யாருக்குத்தான் குமட்டாது என்று வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார்கள். நள்ளிரவில் மூச்சு வாங்கிய பிறகுதான் என்னிடம் தூக்கி வந்தார்கள். பதினொரு வயது, முதல் வகை நீரிழிவு. குனிந்தபோதே பழம் புளித்த வாடை அடித்தது. சர்க்கரை 512.

"ஊசி போட்டீர்களா?"

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அப்பா, பதில் சொல்லாமல் கைப்பேசியை நீட்டினார். அவருடைய அண்ணன் அனுப்பிய படம்: துளசிச் செடி, அதன்மேல் 'மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு'. அடுத்த சொல் இல்லை. இரண்டு நாளாக ஊசியும் இல்லை.

அது 942-ஆம் குறள். 'அருந்தியது அற்றது போற்றி உணின்' என்று முடிகிறது. உண்டது செரித்ததை அறிந்து உண்டால், உடம்புக்கு மருந்து வேண்டியதில்லை. உண்டால்! நோய் வராமல் காக்கும் வழி இது. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்ட குழந்தைக்கு இதைச் சொல்லி என்ன செய்வது? 1922-க்கு முன் இன்சுலின் ஊசி கிடையாது. இந்தக் குழந்தைகள் எவ்வளவு அளந்து உண்டும் பிழைக்கவில்லை. மருந்தே வேண்டாம் என்பவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைப்பாரா? 950-ஐயும் படியுங்கள் ஐயா. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் என நான்கையும் சேர்த்தல்லவா மருத்துவம் என்கிறார். அந்த நான்காவது ஆள் நீங்கள்தான்.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவரையும் பார்த்தாயிற்று. அது ஆறு மாத மருந்து. பழமொழி சொன்னவருக்குக் காசநோய்க் கிருமியைத் தெரியாது.

முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளை சாப்பிடாவிட்டாலும் நாள்முழுக்க வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதா என்று மருத்துவரைக் கேளுங்கள், பெரியப்பாவை அல்ல. வாந்தி வந்தால், மலைப்பாதையே ஆனாலும், வண்டியை ஓரங்கட்டிச் சர்க்கரையைப் பாருங்கள். கூடியிருந்தால், மூச்சு வாங்கும்வரை காத்திராமல் நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். ஏற்காடு போகும்போது இன்சுலினையும் சோதனைக் கருவியையும் கைப்பையில் வையுங்கள். வண்டியின் மேலே கட்டிய பெட்டியில் வேண்டாம், தயவுசெய்து.