காதிரைச்சல்: டின்னிட்டஸுக்கு எங்கட சனத்திட்ட ஏற்கனவே கிடக்கிற சொல்

ஐயா முதல்முதல் கிளினிக்குக்குப் போன அண்டைக்கு “காதுக்குள்ள சத்தம் கேக்குது” எண்டு சொல்ல, அங்க இருந்தவர் “என்ன சத்தம், ஆரும் கதைக்கிற மாதிரியோ?” எண்டு திருப்பிக் கேட்டிட்டார், அவ்வளவுதான், வாயை மூடினவர் பேந்து ரெண்டு வருசம் அந்தப் பக்கமே போகேல்லை. தன்னை விசர் எண்டு எழுதிப்போடுவினமோ எண்ட பயம். 2009ல கடைசிச் சண்டை நேரம் முல்லைத்தீவு மாத்தளன்ல பங்கருக்குப் பக்கத்தில செல் விழுந்ததில இருந்து அவருக்கு இடக்காது இரையுது. “இரையுது” எண்ட அந்த ஒரு சொல்லை அண்டைக்குச் சொல்லியிருந்தா ரெண்டு வருசம் மிஞ்சியிருக்கும்.

இதுக்கு டொக்டர்மார் சொல்லுற பேர் டின்னிட்டஸ். லத்தீன்ல டின்னீரே எண்டா மணி கிணுகிணுக்கிறது, அதில இருந்து வந்த சொல். வெளியில ஒரு சத்தமும் இல்லாம காதுக்குள்ளயோ தலைக்குள்ளயோ ஒலி கேக்கிறதுதான் பொருள். இது தனி நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி.

ஆனா கனபேருக்குக் கேக்கிறது மணிச்சத்தம் இல்லை. ஒராளுக்கு நுளம்பு, ஒராளுக்கு சில்வண்டு, ஒராளுக்கு மழை. எங்கட இரைச்சல் எண்ட சொல்லுக்குள்ள இது எல்லாம் அடங்கும். கடல் இரையுது, மழை இரைஞ்சு வருது, மெசின் இரையுது எண்டுதானே சொல்லுறம். இன்னொண்டு, இரைச்சலுக்குள்ள பேச்சு இல்லை, வெறும் ஒலி மட்டுந்தான், அதால “காது இரையுது” எண்டு சொன்னா ஆர் கதைக்கினம் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். ஆயுர்வேதக்காரர் கர்ணநாதம் எண்டுவினம், அது வடமொழி. செவியிரைச்சல் எண்டு எழுதினாலும் பிழையில்லை, ஆனா எனக்கு காதிரைச்சல்தான் சரியாப் படுது, அம்மம்மாவுக்கும் விளங்கும் டொக்டருக்கும் விளங்கும்.

ஏன் இரையுது? உட்காதில நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு பகுதி இருக்கு, அதுக்குள்ள ஒலியைப் பிடிச்சு மூளைக்கு அனுப்புற மயிர்க்கலங்கள், ஒரு காதுக்குக் கிட்டத்தட்ட 15,000. செல்லடி, லான்ட்மாஸ்டர் உழவு மெசின், சூடடிக்கிற மெசின், கோயில் ஸ்பீக்கர், எதால எண்டாலும் இதுகள் செத்தா மனுசருக்குத் திரும்ப முளைக்காது. வராத ஒலியைத் தேடி மூளை தன்ர வொலியூமைக் கூட்டுது, அந்தக் கூட்டலைத்தான் நாங்கள் இரைச்சலாக் கேக்கிறம் எண்டு இப்ப கனபேர் விளக்கம் சொல்லினம். அமெரிக்காவில 1953ல காது நல்லாக் கேக்கிற 80 பேரைச் சத்தமே புகாத அறைக்குள்ள இருத்திப் பாத்தவை, 94 வீதமானவைக்கு ஏதோ ஒரு ஒலி கேட்டிருக்கு! அப்ப அமைதி கூடக்கூட இரைச்சல் தெரியிறது இயற்கைதான். எங்கட ஊரில ராவில கரண்ட் போய் ஃபேனும் நிண்டாப் பிறகுதான் ஐயா எழும்பி இருப்பார். முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனா “இஞ்ச எனக்கு நல்லாக் கிடக்கு” எண்டுவார், வெளி இரைச்சல் உள் இரைச்சலை மூடிப்போடுது.

வைத்தியமும் கிட்டத்தட்ட அதே வழிதான். இரைச்சலை ஒரேயடியா நிப்பாட்டுற குளிசை இண்டைக்கு வரைக்கும் இல்லை, இருக்கெண்டு விக்கிறவையை நம்பிக் காசைக் குடுக்காதேங்கோ. கேள்வி, அதாவது காது கேக்கிறது, குறைஞ்சிருந்தா ஹியரிங் எய்ட் போட்டாலே கனபேருக்கு இரைச்சல் அடங்கும், படுக்கேக்க ஃபேன் சத்தமோ ரேடியோவோ மெல்லமாப் போட்டுவிடலாம், பயத்தையும் நித்திரையையும் சரிபண்ணுற மனநல ஆலோசனையும் உதவும், அதுக்குப் போனா விசர் எண்டு அர்த்தமில்லை. சிலருக்குக் காதுக்குறும்பி இறுகினதுதான் காரணம், எடுத்துவிட்டாச் சரி. ஆனா வீட்டில உள்ளிபோட்டுக் காய்ச்சின எண்ணெயை விடாதேங்கோ, செல் அதிர்ச்சியில செவிப்பறை கிழிஞ்ச ஆக்கள் எங்களுக்குள்ள இருக்கினம், ஓட்டையால எண்ணெய் உள்ள போனா இன்னும் கரைச்சல்.

இரைச்சலோட உலகமே சுழண்டு, காதும் அடைச்சு, விட்டுவிட்டு வந்தா அது மெனியர் நோயா இருக்கலாம். 1861ல பாரிஸ்ல புரொஸ்பர் மெனியர் எண்ட டொக்டர்தான் இந்தச் சுழற்சி மூளையில இருந்து மட்டுமில்லை, உட்காதில இருந்தும் வரலாம் எண்டு காட்டினவர்.

டொக்டரிட்டப் போனா சொல்ல வேண்டியது இதுதான்: ஒரு காதோ ரெண்டு காதோ, நாடித்துடிப்போட சேந்து இடிக்குதோ, கேள்வி குறைஞ்சதோ, தலை சுத்துதோ, என்ன மருந்து குடிக்கிறியள் எண்டது. ஒரு பக்கம் மட்டும் எண்டாலோ, துடிப்போட இடிச்சாலோ கட்டாயம் காட்டவேணும். நேற்று நல்லாக் கேட்ட காது இண்டைக்கு விடிய எழும்ப அடைச்சு இரைஞ்சா அண்டைக்கே வெளிக்கிடுங்கோ, அதுக்கு ஸ்டீரொயிட் மருந்து முதல் கொஞ்ச நாளுக்குள்ள குடுத்தாத்தான் கேள்வி திரும்ப வாற சாத்தியம் கூட.